நாலு எழுத்து

ஸ்டாக்ஹோம்
1696, மிக்கேல் திருநாள்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கை சிசெலாவுக்கு,

அண்ணன் போத்வித் தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. அது அப்பாவிடமிருந்து வந்த முழங்கால், அவரிடம்தான் முறையிட வேண்டும். நீயும் குட்டி மாலினும் சுகம்தானே? உன் வீட்டுக்காரர் ஹெமிங் பாதிரி காலமாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அந்த வீட்டைக் காலி செய்து ஆற்றோரக் குடிசைக்கு நீங்கள் போன பிறகு ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. அதிலும் பாதி ஆட்டைப் பற்றி.

விஷயத்துக்கு வருகிறேன். நாணயசாலையில் அச்சு வெட்டும் வேலைக்கு நான் வந்து இருபது வருடம் முடிந்தது. ஊரில் இருக்கும் காசிலெல்லாம் என் கை இருக்கிறது, என் மேசைக்கு எதிரே உள்ள சுவரில் மட்டும் ஒன்றும் இல்லை. அம்மாவின் வெள்ளிக்காசை அங்கே மாட்ட ஆசைப்படுகிறேன். பயப்படாதே, காசைக் கேட்கவில்லை. அம்மா சாகும்போது என்ன சொன்னாள் என்று எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது: "வெள்ளி பொம்பளை கையில இருந்தாத்தான் வேலை செய்யும். நீ தள்ளிப் போடா." தள்ளித்தான் வந்தேன், எட்டு நாள் பயணத் தூரம்.

காசின் பதிவு ஒன்று போதும். ஒரு தாளைக் காசின் மேல் வைத்து, விரலில் அடுப்புக் கரியைத் தொட்டு மெதுவாகத் தேய். எழுத்து தானாக எழும்பி வரும். பாட்டி காலத்து ஒன்பதாம் கார்ல் ராஜா தாடியோடு இருக்கிற பக்கம் வேண்டாம், ராஜா முகங்களை நான் தினமும் பார்க்கிறேன். மற்றப் பக்கம் வேண்டும். நடுவில் சூரியன், அதற்குள் நாலு கொக்கி, சுற்றிலும் எழுத்து. "கொக்கிச் சூரியன்" என்று நாம் அதை விரலால் தடவித் தடவி விளையாடுவோமே, அது.

மாலினுக்கு என் முத்தம். அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று கதவில் கோடு போட்டு, நூலால் அளந்து அனுப்பு.

உன் அண்ணன்,
போத்வித்


நோரோசன்
1696, நவம்பர் 2

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கை சிசெலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு நரிக்கொழுப்பு தடவிப் பாருங்கள்.

இந்த வருடம் கோடையிலேயே உறைபனி வந்துவிட்டது. விளைச்சல் போன வருடம் மாதிரி இல்லை. ரொட்டி கொஞ்சம் சிவப்பாக வருகிறது, அவ்வளவுதான். ஆட்டைக் கேட்டீர்கள். அது இப்போது நம்மிடம் இல்லை. இனி ஆட்டைப் பற்றி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மாலின் நன்றாகப் பேசுகிறாள். கால் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. நூல் கைக்கு அகப்படவில்லை, பிறகு அளந்து அனுப்புகிறேன். காசின் பதிவையும் பிறகு அனுப்புகிறேன். வீட்டில் நல்ல தாள் இல்லை.

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும்.

தங்கை,
சிசெலா


ஸ்டாக்ஹோம்
1696, டிசம்பர் 6

அன்புத் தங்கைக்கு, கர்த்தரின் சமாதானம் உண்டாவதாக.

நான் சுகம். நரிக்கொழுப்பு தடவினேன். வலி போகவில்லை, பக்கத்து அறை தோர்கெல் வாத்தியார்தான் நாற்றம் தாங்காமல் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. அவர் லத்தீன் பள்ளியில் பாடம் சொல்லுகிறவர். அவரும் என்னைப் போலக் குடும்பம் இல்லாத ஒற்றைக் கரண்டிக்காரர். அவரை விட்டால் இந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. நாணயசாலையில் நான் "ஏய், அச்சு."

பாதிரியின் விதவை வீட்டில் தாள் இல்லையாம். எனக்கே காது குத்துகிறாயா? இதோ நல்ல தாள் இரண்டு வைத்திருக்கிறேன், கூடவே ஒரு துண்டு காரீயக் கல். கரி வேண்டாம், இதனால் தேய்.

அந்தக் காசில் இருப்பதை நினைவிலிருந்து எழுதி வாத்தியாரிடம் காட்டினேன். IEHOVAH SOLATIVM MEVM. பழைய முறையில் U-வுக்கும் V-தான் வெட்டுவோம். அவர் சிரித்துவிட்டார்.

"இருவது வருஷமா லத்தீன் வெட்டுற மனுஷன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாதா?"

"எழுத்து நேரா நிக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை. அர்த்தம் பாக்கறது உங்க வேலை."

"யேகோவாவே என் ஆறுதல். அதான் அர்த்தம். ஆறுதல்ங்கற வார்த்தைதான் நடுவுல இருக்கு பாருங்க."

அம்மா சொல்லி நீ இதைத் தெரிந்து வைத்திருப்பாய். எனக்கு இப்போதுதான் தெரியும். எனக்கு எழுத்து என்றால் வெறும் உருவம். அச்சில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலமாக வெட்டுகிறோம். அப்படிப் பார்த்துப் பார்த்து, நேரான எழுத்தைப் படிப்பதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

மாலினுக்கு ஒரு ஜோடி சிவப்புக் கையுறை வைத்திருக்கிறேன். செம்பு ஏற்றி வந்த ஃபாலுன் வண்டிக்காரன் திரும்பும்போது கொண்டுவருவான். கிறிஸ்துமஸ் கஞ்சியை நான் தனியாகக் குடிப்பேன். நீங்கள் இருவரும் எனக்காக ஒரு கரண்டி சேர்த்துக் குடியுங்கள்.

போத்வித்


நோரோசன்
1697, ஜனவரி 20

அன்பான அண்ணனுக்கு, தங்கையின் வணக்கம். ஆண்டவர் தயவில் நாங்கள் சுகமே.

கையுறை வந்தது. மாலின் கழற்றவே மாட்டேன் என்கிறாள். தூங்கும்போதும் போட்டுக்கொண்டிருக்கிறாள். "போத்வித் மாமாவுக்கு எத்தனை கை?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். "அப்ப எனக்குக் குடுத்துட்டு அவரு என்ன போட்டுப்பாரு?" என்றாள்.

காசின் பதிவை வைத்திருக்கிறேன். பழைய காசு, ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிசெலா


ஸ்டாக்ஹோம்
1697, பிப்ரவரி 12

தங்கைக்கு,

தோத்திரம். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

பதிவு வந்தது. IEHOVAH SOLATIVM M என்று இருக்கிறது. மிச்சம் மூன்று எழுத்து எங்கே? தேய்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சிசெலா, தேய்மானம் எப்படி இருக்கும் என்று எனக்கா சொல்லித்தருகிறாய்? காசு தேய்ந்தால் நடுவில் மேடாக இருக்கும் கொக்கி முதலில் போகும். ராஜாவின் தாடி போகும். ஓரத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று எழுத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகாது. அது கத்தி.

அந்தக் குடிசைக்கு யார் வந்து போகிறார்கள்? காசை யாரிடமாவது கொடுத்தாயா? வெள்ளிக்காசைச் சுரண்டுகிறவனுக்கு இங்கே என்ன தண்டனை என்று உனக்குத் தெரியுமா? போன வருடம் சந்தையில் ஒருவனைக் கட்டி வைத்து அடித்தார்கள், நான் பார்த்தேன். எவன் செய்தான் என்று எழுது. புதிய பாதிரியிடம் சொல்லி அவனைப் பிடிக்கச் சொல்கிறேன்.

அம்மாவின் காசு, சிசெலா. என் கையில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுகம்தானே? மாலின் சுகம்தானே?

போத்வித்


நோரோசன்
1697, மார்ச் 9

அண்ணா,

கர்த்தர் உங்களுக்குச் சமாதானம் அருளட்டும். பாதிரியிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். சுரண்டியவள் நான்தான்.

அறுவடைக் காலத்திலிருந்து மாலின் நடக்கவில்லை. கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டது. வயிறு உப்பி, கை குச்சியாகிவிட்டது. எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயந்து எழுதவில்லை. ரொட்டி சிவப்பாக வருகிறது என்றேனே, அது மாவு இல்லை, பைன் மரப்பட்டை. இந்த ஊரில் எல்லோரும் அதைத்தான் தின்கிறோம். ஆட்டை நவம்பருக்கு முன்பே அடித்துவிட்டோம்.

மலையடிவாரத்துக் குன்னில் கிழவி வந்து பார்த்தாள். "இது வெள்ளி கேக்கற நோய். கடை வெள்ளி ஆகாது. மூணு தலைமுறை கை பட்ட பரம்பரை வெள்ளியாத்தான் இருக்கணும். வியாழக்கிழமை பொழுது சாயறப்போ சுரண்டி, தண்ணியில போட்டுக் குடு. சுரண்ட ஆரம்பிச்சதுலேருந்து புள்ள தூங்கற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினியோ, எல்லாம் வீண்."

அண்ணா, ஹெமிங் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார். அவரிடம் இந்தக் காசைக் காட்டியதே இல்லை, அம்மா ஆண்களிடம் காட்டாதே என்று சொன்னதால். ஆண்டவர் பெயரில் கை வைக்க மனம் வரவில்லை. அதனால் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். 'என்' என்று பொருள்படும் சொல்லை முதலில் கொடுத்தேன். எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அது முழுதும் போய்விட்டது. அடுத்த சொல்லிலும் இரண்டு எழுத்து போய்விட்டது. SOLATI என்று நிற்கிறது.

மாலின் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளிக்கிறாள். "காசு ருசியாவே இல்லம்மா" என்கிறாள். அதற்குச் சிரிக்கவும் முடியாது, வியாழக்கிழமை நான் பேசக் கூடாது.

நீங்கள் ஒருமுறை வர முடியுமா? மாமா வந்தால் தூக்கிக்கொள்வாரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சிசெலா


ஸ்டாக்ஹோம்
1697, ஏப்ரல் 28

என் அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் உன்னோடும் குழந்தையோடும் இருப்பாராக. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுதும் ஓர் எழுத்துகூட வெட்ட முடியவில்லை. போன கடிதத்தில் எழுதியதற்கெல்லாம் என்னை மன்னித்துவிடு. திருடனைப் பிடிக்கப் போனவன் மூஞ்சியில் தண்ணீரை ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் பார், இந்த மாதம் ஐந்தாம் தேதி நம்மை ஆண்டுகொண்டிருந்த ராஜா காலமாகிவிட்டார். செய்தி உங்களுக்கு வந்திருக்கும். புது ராஜாவின் முகம், புதுப் பெயர் என்று எல்லா அச்சையும் மாற்ற வேண்டும். வெட்டத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்றே பேர். கேட்டுப் பார்த்தேன். "தலைகீழா நின்னாலும் இப்ப விட முடியாது" என்று சொல்லிவிட்டார் மேலதிகாரி. ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளுக்குள் முடித்துவிட்டு ஓடி வருகிறேன். சத்தியமாக வருகிறேன். அதுவரை தாங்கிக்கொள்.

வண்டிக்காரனிடம் ஒரு மூட்டை ரை தானிய மாவு கொடுத்திருக்கிறேன், ஒரு சாடி வெண்ணெய், மருந்துக்கடைப் பொடி கொஞ்சம். பொடி வேலை செய்யுமோ என்னவோ, மாவு நிச்சயம் வேலை செய்யும். மரப்பட்டையைத் தூக்கி அடுப்பில் போடு.

சுரண்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுரண்டத்தான் வேண்டுமென்றால் ராஜா பக்கம் திருப்பிச் சுரண்டு. அவர் வயிற்றில் நிறைய வெள்ளி இருக்கிறது. எழுத்தை விட்டுவிடு. ஆண்டவர் பெயரை மட்டும் தொடாதே, சிசெலா.

மாலினிடம் சொல், மாமா தோளிலேயே தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவார், முழங்கால் போனால் போகட்டும்.

போத்வித்


நோரோசன்
1697, ஜூன் 3

அண்ணனுக்கு வணக்கம்.

நான் சுகம். மாவு மூட்டை போன வாரம் வந்து சேர்ந்தது. மிகவும் நன்றி.

இனிமேல் சுரண்ட வேண்டியதில்லை. காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தொலையாமல் இருக்க ஒரு கையுறைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன். மாலின் இப்போது அழுவதில்லை.

யோவான் திருநாளுக்கு வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டாம்.

சிசெலா


ஸ்டாக்ஹோம்
1697, ஜூன் 21

என் தங்கமான தங்கச்சிக்கு!

அண்ணனின் தோத்திரம், நூறு தோத்திரம். நான் சுகம், இன்றைக்கு முழங்கால்கூடச் சுகம். இனிமேல் சுரண்ட வேண்டியதில்லை என்ற வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. தெருவில் மீன் விற்கிறவளிடம்கூட "எங்க புள்ளைக்கு நல்லாயிடுச்சு" என்று சொன்னேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், ஒரு மீனைச் சும்மா கொடுத்தாள்.

கையுறையைத் திருப்பி அனுப்பிவிட்டாயே, கை அதற்குள் பெரிதாகிவிட்டதா? ஒன்றை மட்டும் அனுப்பினால் எப்படி, இன்னொன்று எங்கே? இப்போது என் மேசையில் இருக்கிறது, என் கட்டை விரலில் மாட்டிப் பார்த்தேன்.

காசைப் பார்த்துக் கொஞ்சம் திடுக்கிட்டேன். ஆண்டவர் பெயரை முழுதும் எடுத்துவிட்டாய், கெட்டிக்காரி. ஏழு எழுத்தும் காலி. சூரியனைச் சுற்றி SOLA என்று நாலே நாலு எழுத்து மிஞ்சியிருக்கிறது. பரவாயில்லை. பிள்ளையைக் காப்பாற்றிய காசு அப்படியே இருக்கட்டும். போன மாதம் அரண்மனை தீப்பிடித்து எரிந்த சாம்பல் இன்னும் ஊரில் பறக்கிறது, காசின் மேல் படிந்ததை ஊதி ஊதிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். தோர்கெல் வாத்தியார் உப்சாலாவிலிருந்து வந்ததும் காட்ட வேண்டும்.

நீ சொன்னபடி இப்போது வரவில்லை. இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. பனி விழுந்ததும் சறுக்கு வண்டியில் சொகுசாக வருகிறேன். மாலினுக்குத் தோல் சப்பாத்து ஒரு ஜோடி அனுப்புகிறேன். அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே வாங்கினேன், ஓடட்டும், ஓடி ஓடி நிரப்பட்டும்.

போத்வித்


ஸ்டாக்ஹோம்
1697, ஆகஸ்ட் 4

சிசெலா,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நேற்று வாத்தியார் வந்தார். காசைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"இது யார் கிட்ட இருந்து வந்துச்சு?"

"தங்கச்சி கிட்ட இருந்து. புள்ளைக்கு உடம்பு தேவலாம்னு அனுப்பியிருக்கா."

"தேவலாம்னு எழுதியிருந்தாங்களா?"

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார்.

"அப்படி இதுல எங்கயும் இல்லையே, போத்வித்."

"அதான், இனிமே சுரண்ட வேண்டாம்னு…"

"SOLA லத்தீன்ல ஒரு முழு வார்த்தை. தனியா இருக்கற பொம்பளை. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

பிறகு நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். எப்போதும் 'நாங்கள் சுகம்' என்று எழுதுவாய். இதில் 'நான் சுகம்' என்று இருக்கிறது. அதையும் நான் பார்க்கவில்லை. எழுத்து நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறவன் நான்.

அந்த எழுத்து தற்செயலாக மிஞ்சியது, சிசெலா, அப்படித்தானே? வாத்தியாருக்குப் படிப்பு அதிகம், எதிலும் எதையாவது கண்டுபிடிப்பார். குழந்தை ஓடி விளையாடுகிறாள், உனக்கு எழுத நேரமில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு வரி எழுது. உன் கையால் எழுதும்வரை நான் எதையும் நம்ப மாட்டேன்.

போத்வித்


நோரோசன்
1697, ஆகஸ்ட் 30

அண்ணா,

ஆண்டவர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

வாத்தியார் சொன்னது சரி. தற்செயல் இல்லை. ஹெமிங் குளிர்காலங்களில் எனக்குக் கொஞ்சம் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். நாலு எழுத்து தெரிந்து என்ன பயன் என்று அப்போது கேலி செய்வேன். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை T-யைச் சுரண்டி முடித்ததும் அந்தச் சொல் என்னைப் பார்த்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். அடுத்த எழுத்தையும் எடுத்திருந்தால் அந்தச் சொல் இல்லாமல் போயிருக்கும். ஆனால் கை போகவில்லை. என்னையே சுரண்டுவது போல இருந்தது. நாலைந்து வாரம் காசைத் தொடவே இல்லை.

அவளுக்கு அதிகமாகிவிட்டது. குன்னில் கிழவி என்னைத் திட்டினாள். "வாலைச் சுரண்டிக்கிட்டே இருந்தா என்ன வரும்? தலையைச் சுரண்டு. சக்தியெல்லாம் அந்தப் பேருலதான் இருக்கு."

மே மாதம் இருபதாம் தேதி வியாழக்கிழமை. உட்கார்ந்து ஏழு எழுத்தையும் ஒரே மூச்சில் சுரண்டினேன். ராஜா பக்கம் சுரண்டச் சொன்ன உங்கள் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை, மாவும் வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது. கரண்டியில் அவ்வளவு வெள்ளியைப் பார்த்துவிட்டு மாலின், "அம்மா, இன்னிக்கு நெறைய இருக்கே?" என்றாள். நான் பேசவில்லை. குடித்துவிட்டு, கையுறையை மாட்டிவிடச் சொன்னாள். மாட்டிவிட்டேன். பிறகு என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "என் மேல கோவமாம்மா? ஏன் பேச மாட்டேங்கற?" என்று கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். இல்லை என்று தலையாட்டக்கூடப் பயந்தேன், அதுவும் பேச்சில் சேர்ந்துவிடுமோ என்று. அவள் தூங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

ஒரு கையுறையை அவளோடு வைத்துப் புதைத்தோம். மற்றதைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். சப்பாத்து வந்தது. ஜன்னலில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த அன்று உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்ததென்றால், அதனால்தான் எழுதவில்லை. நான் எழுதத் துணியாததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? இப்போது கோபம் இல்லை.

இரண்டு விஷயம் என்னைத் தின்கிறது. ஒன்று, ஆண்டவருடைய பெயரை என் கையால் அழித்தேன். அவரும் என் வீட்டிலிருந்து போய்விட்டார். பாதிரியிடம் சொல்ல முடியாது, உங்களிடம்தான் சொல்கிறேன். இன்னொன்று, அவள் கேட்ட கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்போது பேசலாம், எந்தக் கிழமையிலும் பேசலாம். கேட்கத்தான் யாரும் இல்லை.

சிசெலா


ஸ்டாக்ஹோம்
1697, செப்டம்பர் 19

என் சிசெலாவுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன்னோடு இருப்பதாக. சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

நீ அழைத்தபோது நான் வரவில்லை. செத்துப்போன ராஜாவின் முகத்தை எடுத்துவிட்டு, உயிரோடு இருக்கிற ராஜாவின் முகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். எந்தெந்த எழுத்து போயிற்று என்று எண்ணினேன், எத்தனை வியாழக்கிழமை போயிற்று என்று எண்ணவில்லை. நீ காசைச் சுரண்டியதற்கு மன்னிப்பு வேண்டியதில்லை. எனக்குத்தான் வேண்டும். அதை நேரில் கேட்கிறேன்.

மாலின் கேட்டதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று மட்டும் தெரியும். கோபமாக இருக்கும் அம்மாவிடம் எந்தப் பிள்ளையும் கையுறை மாட்டிவிடச் சொல்லாது.

அடுத்தது ஆண்டவர் பெயர். நீ கடிதத்தில் எழுதியதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் சுவரிலிருந்து காசை எடுத்து, கொக்கிச் சூரியனில் விரலை வைத்தார். "இது கொக்கி இல்லைங்க. எபிரேய எழுத்து. நாலு எழுத்து. வலமிருந்து இடம் படிக்கணும். சுத்தியிருந்தது எந்தப் பேரோ, அதே பேருதான் இதுவும்." சிசெலா, நீயும் நானும் சின்ன வயதில் தடவித் தடவி விளையாடியது அந்தப் பெயரைத்தான். நீ ஓரத்தில் இருந்ததைச் சுரண்டினாய். நடுவில் இருந்ததை உன் கத்தி தொடக்கூட இல்லை. அவர் அங்கேயே இருந்திருக்கிறார், நம் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியவில்லை. இருந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்கிறேன். வாத்தியாருக்கும் அது தெரியவில்லை.

புது அச்சு வேலை இன்னும் முடியவில்லை. நாளைக்குக் கிளம்புகிறேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "போனா திரும்பி வராதே" என்றார். சரி என்றேன்.

காசைக் கொண்டுவருகிறேன், கையுறையையும் கொண்டுவருகிறேன். என் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எஃகுக் குச்சி உண்டு, நுனியில் எழுத்து இருக்கும், வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பதியும். எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிட்டு T, I, V, M என்று நான்கை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். SOLA-வுக்குப் பக்கத்தில் அவை நான்கையும் அடித்தால் பழைய சொல் திரும்பி வந்துவிடும், ஆறுதல் என்ற சொல். வெள்ளிக்காசில் கை வைக்கிறவனுக்கு என்ன தண்டனை என்று உனக்கு எழுதியவனே நான்தான். என்னைக் கட்டி வைத்து அடித்தால் அடிக்கட்டும். நீ வேண்டாம் என்றால் எழுத்தைப் பதிக்காமல் காசை அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கடிதம் உனக்கு முதலில் வருமோ, நான் முதலில் வருவேனோ தெரியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டால், எந்தக் கிழமையாக இருந்தாலும் வாயைத் திறந்து "யாரது?" என்று கேள். நான் பதில் சொல்கிறேன்.

அண்ணன்,
போத்வித்